இரண்டாவது வரி சொல்லாதது

‘எம்டிபி டிடெக்டட். ரிஃப் ரெசிஸ்டன்ஸ் நாட் டிடெக்டட்.’ பேகம்பூரிலிருந்து வந்த கடிதத்தோடு இருந்த, சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனை அறிக்கையில் இந்த இரண்டு வரிகள்தான் முக்கியம். “அத்தாவுக்கு டிபி இருக்கா, இல்லையா?” என்று கேட்கிறார் மகள். 2025-க்குள் காசநோய் ஒழிப்பு என்று 2018-இல் பிரதமர் கெடு வைத்த பிறகு பரிசோதனைகள் பெருகின, குழப்பமும் பெருகியது.

அத்தாவுக்கு டிபி இருக்கிறது. எம்டிபி என்ற காசநோய்க் கிருமி தென்பட்டதாக முதல் வரி சொல்கிறது. இரண்டாவது வரி, ரிஃபாம்பிசின் மருந்து அவருக்கு வேலை செய்யும் என்கிறது.

இந்த இரண்டையும் ஒரே சளியிலிருந்து இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடும் வழி அபாரமானது. கிருமியின் ஆர்பிஓபி மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதி இருக்கிறது. ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமிகளில் சுமார் 95 சதவீதத்துக்கு மாற்றம் அங்கேதான் நடந்திருக்கும். சிபிநாட் பரிசோதனையின் முதல் வடிவத்தில் ‘ப்ரோப்’ எனப்படும் ஐந்து துருவிகள் அந்த எழுத்துகளைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. தன் பங்கு பிசகாமல் பொருந்தினால்தான் ஒரு துருவி ஒளிரும். குறைந்தது இரண்டு துருவிகள் ஒளிர்ந்தால் காசநோய் உறுதி. மற்றவற்றில் ஒன்று ஒளிராமல் போனாலும், மிகவும் தாமதித்தாலும் மருந்து எதிர்ப்பு. பின்னால் வந்த ‘அல்ட்ரா’ என்ற வடிவத்தில் கணக்கு வேறு. எதிர்ப்புக்குப் பார்க்கும் இடம் அதேதான்.

ஒரே இடம், ஒரே மருந்து. என் கவலை இங்கேதான். முதன்மை மருந்துகளில் ஐசோனியாசிடும் உண்டு. அதன் எதிர்ப்பு வேறு மரபணுக்களில் உருவாகிறது. ரிஃபாம்பிசின் தோற்றால் பெரும்பாலும் ஐசோனியாசிடும் தோற்றிருக்கும் என்று வைத்துக்கொள்கிறார்கள், அது ஓரளவு சரி. ஆனால் ரிஃபாம்பிசின் வேலை செய்வதால் ஐசோனியாசிடும் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. 2014-16 தேசிய ஆய்வில் புதிய நோயாளிகளில் 11 சதவீதம் பேருக்கு ஐசோனியாசிட் எதிர்ப்பு இருந்தது. இரண்டு மருந்துக்கும் எதிர்ப்பு இருந்தவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. மீதி 8 சதவீதம் பேரை சிபிநாட்டில் மட்டும் சோதித்தால் அறிக்கையில் ‘நாட் டிடெக்டட்’ என்றே வரும். அவர்களுக்குக் கடைசி நான்கு மாதம் கொடுக்கும் மூன்று மருந்துகளில் ஒன்று வீண்.

‘அனைவருக்கும் மருந்து எதிர்ப்புப் பரிசோதனை’ என்று திட்ட ஆவணங்கள் சொல்வதற்குக் குறைந்தபட்ச அர்த்தம், ரிஃபாம்பிசினுக்கு மட்டும் சோதித்தாலே போதும் என்பதுதான். மீதியைச் சொல்வது எல்பிஏ என்ற அடுத்த பரிசோதனை. அதற்கான வசதி பெரிய ஆய்வகங்களில்தான் உண்டு. அத்தாவின் சளி எல்பிஏ-வுக்குப் போயிருக்கிறதா, முடிவு எப்போது வரும் என்று காசநோய்ப் பிரிவில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மற்ற கேள்விகள்.

மைக்ராஸ்கோப்பில் இல்லை, சிபிநாட்டில் இருக்கிறது, எதை நம்புவது? சிபிநாட்டை. மைக்ராஸ்கோப்புக்கு ஒரு மில்லி சளியில் 5,000 கிருமிகளாவது வேண்டும், இதற்கு 130 அளவே போதும்.

சிகிச்சை முடிந்ததும் மறுபடி சிபிநாட் எடுக்கலாமா? வேண்டாம், செத்த கிருமியின் மரபணுவும் ஒளிரும்.

ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்தால்? காசநோய்க்கு அந்தப் பரிசோதனையை அரசு 2012-லேயே தடை செய்துவிட்டது.

கல்ச்சர் ஏன் இவ்வளவு தாமதம்? கிருமி மெதுவாக வளர்வது. திரவ ஊடகத்திலேயே 42 நாள் வரை காத்திருந்துதான் ‘இல்லை’ என்பார்கள்.

இருமலே இல்லை, எக்ஸ்ரே எதற்கு? 2019-21 தேசியக் கணக்கெடுப்பில் பிடிபட்டவர்களில் 42.6 சதவீதம் பேர் எக்ஸ்ரே இல்லாவிட்டால் தவறிப்போயிருப்பார்கள்.