ரிப்பன் மாளிகையில் லென்ஸ் சோதனை

பழுதுபார்த்து வந்த லென்ஸைச் சோதிக்க, நேர்கோடுகள் நிறைந்த, சற்றுத் தொலைவில் நிற்கும் பெரிய கட்டடம் ஏற்றது. சென்னையில் அதற்கு எளிதில் கிடைப்பது ரிப்பன் மாளிகை. மாநகராட்சியின் தலைமை அலுவலகமான இந்த வெண்ணிறக் கட்டடத்துக்கு 1909இல் அடிக்கல் நாட்டப்பட்டது. லோகநாத முதலியார் கட்டி முடிக்க, 1913இல் திறக்கப்பட்டது. உள்ளாட்சி முறைக்கு வழிவகுத்த வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டுள்ளது. நடுவில் மணிக்கூண்டு, இருபுறமும் ஒரே சீராக நீளும் மூன்று தளங்கள். இடப்பக்கம் இருப்பதே வலப்பக்கமும் இருப்பதால், ஒரு பக்கம் மங்கினால் உடனே தெரிந்துவிடும்.

கடலோர ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படிவது வழக்கமான தொல்லை. அதை நீக்க, உள்ளிருக்கும் கண்ணாடிகளைப் பிரித்துத் துடைத்து மீண்டும் அடுக்க வேண்டும். ஒரு கண்ணாடி மயிரிழை சாய்ந்து அமர்ந்தாலும் படத்தின் ஓர் ஓரம் தெளிவிழக்கும். மெல்லிய இடைவளையம் ஒன்று விடுபட்டால் தொலைவுக் காட்சிகளில் குவியம் சரியாக அமையாமல் போகலாம். வெளியிலிருந்து பார்த்தால் லென்ஸ் பளிச்சென்றே இருக்கும். ஒற்றை முகத்தை நடுவில் வைத்து எடுத்தாலும் குறை தெரியாது. கல்யாண வீட்டில் உறவினர்களை வரிசையாக நிறுத்தி எடுத்த பிறகே, ஓரத்தில் நின்ற பெரியப்பாவின் முகம் மங்கியிருப்பது கண்ணில் படும். அந்தப் படத்தை மறுபடி எடுக்க முடியாது.

சோதனைக்குக் கேமராவை முக்காலியில் பொருத்தி, லென்ஸின் துளையை முழுதாகத் திறந்துவைக்க வேண்டும். எஃப் 8 அளவுக்குச் சுருக்கினால் சிறு குறைகள் மறைந்துவிடும். முதலில் மணிக்கூண்டின் கடிகாரத்தைப் படத்தின் நடுவில் வைத்துக் குவியப்படுத்தி, தானியங்கிக் குவியத்தை அணைத்துவிட வேண்டும். பிறகு கேமராவை மட்டும் திருப்பி, அதே கடிகாரம் நான்கு மூலைகளிலும் விழும்படி நான்கு படங்கள். நான்கு மூலைகளும் ஒரே அளவில் சற்று மென்மையாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் கலங்கினால் கண்ணாடி சரியாக அமரவில்லை என்று ஐயப்படலாம். கேமராவை மேல்நோக்கிச் சாய்க்கும்போது கூண்டு பின்னால் சாய்வதுபோல் தெரிவதற்கு லென்ஸைக் குறைசொல்லக் கூடாது.

நடுப்பகலில் போவது வீண். சூடேறிய சாலையிலிருந்து எழும் காற்று கோடுகளை நெளியவைக்கும். நல்ல லென்ஸும் கெட்டதாகத் தோன்றும். அதிகாலையே நல்லது. வெள்ளைச் சுவரைக் கேமரா சாம்பல் நிறமாக்கிவிடும் என்பதால் ஒளியளவை ஒரு படி கூட்டலாம். பூஞ்சையின் எச்சம் இருக்கிறதா என்று அறிய, வளைவுகளுக்குள் இருக்கும் நிழலைப் பார்க்க வேண்டும். கருமையாக இருக்க வேண்டிய நிழல் பால் கலந்ததுபோல் வெளிறினால், உள்ளே இன்னும் படலம் இருக்கக்கூடும். இரவில் விளக்குப் புள்ளிகள் ஒரு பக்கம் வால் விட்டாலும் ஐயத்துக்கு இடமுண்டு.

இது இயங்கும் அரசு அலுவலகம். வளாகத்துக்குள் முக்காலி வைக்கும் முன் காவலரிடம் கேட்டுவிடுவதே முறை.

வன்னியம்பட்டி, இராசபாளையம் பக்கம் இருப்பவர்கள் இதற்காகச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. அரசு முத்திரையோடு சேர்த்துப் பேசப்படும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் 11 நிலைக் கோபுரம் அருகிலேயே இருக்கிறது. மேலே குறுகிச் செல்வதால் அகன்ற முகப்பின் வசதி அதில் கிடைக்காது. ஆனால் உச்சிக் கலசங்களை நான்கு மூலைகளிலும் வைத்து எடுக்கலாம். குறை தெரிந்தால், படங்களை அளவு குறைக்காமல் பழுதுபார்த்த கடையில் காட்ட வேண்டும். கைப்பேசி வழியே சுருக்கி அனுப்பினால் எல்லா மூலைகளும் ஒன்றுபோலவே தெரியும்.