ரூபாயா, டாலரா? ரூபாயை அமுக்காதீங்க!

மகன், மகள் வீட்டில் ஆறு மாதம் தங்க அமெரிக்கா புறப்படும் பெற்றோரை மீனம்பாக்கத்தில் தினமும் பார்க்கலாம். ஊறுகாய், முறுக்கு, மாத்திரை எல்லாம் மறக்காமல் பெட்டிக்குள் போய்விடும். பணம்? "அங்கே போய் பார்த்துக்கலாம்" என்பார்கள். அங்கேதான் வில்லங்கம்!

ரொக்கமாக ஒரு பயணத்துக்கு 3 ஆயிரம் டாலர் வரைதான் வாங்கலாம். மீதிக்கு கார்டுதான் கதி.

2020-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாகத் தரும் கார்டு இந்தியாவுக்குள் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டு உபயோகத்தை நாம்தான் திறந்துவிட வேண்டும். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண்ணும் இந்த ஊர் சிம்முக்குத்தான் வரும். சிம்மைக் கழற்றி பீரோவில் போட்டுவிட்டுப் போனவர் பாடு திண்டாட்டம்!

அங்கே சில ஏ.டி.எம்.கள், "ரூபாயில் கழிக்கட்டுமா, டாலரிலா?" என்று கேட்கும். நம்ம ஊர்ப் பணமாச்சே என்று ரூபாயை அமுக்கினால் போச்சு! மெஷின்காரன் இஷ்டத்துக்கு ரேட் போட்டு, கமிஷனையும் அதிலேயே சேர்த்துவிடுவான். டாலரை அமுக்கினால் பெரும்பாலும் மலிவு. நம் வங்கிக் கட்டணம் எப்படியும் தனி. அதனால் விவரம் தெரிந்தவர்கள் நூறு நூறாக எடுப்பதில்லை.

ஊர் திரும்பியதும் மிஞ்சிய டாலர் நோட்டில் 2 ஆயிரம் வரை கையில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருந்தால் 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும்.