சோப்பு காய்ச்சும் தாய்மார்களே, எண்ணெயில் உஷார்!

“எந்த எண்ணெயா இருந்தா என்ன? நுரை வந்தா சரி!”

வீட்டிலேயே சோப்பு தயாரிக்கக் கிளம்பியிருக்கும் பலரின் நினைப்பு இது. இந்த நினைப்புதான் தோலுக்கு எமன்!

எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் சோப்பு. எண்ணெய் சுத்தமாக இருந்து, அளவும் சரியாக இருந்தால் சோடா முழுவதும் சோப்பாக மாறி விடும். எண்ணெயில் கலப்படம் இருந்தால்? மிச்ச சோடா சோப்புக்குள்ளேயே பதுங்கிக் கொள்ளும். குளித்தால் உடம்பு எரியும். பிஞ்சுக் குழந்தையின் கன்னம் புண்ணாகும்!

கணக்கு இதுதான்

100 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு சுமார் 18 கிராம் காஸ்டிக் சோடா தேவை. பாமாயிலுக்கு 14 கிராம். விளக்கெண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் 13 கிராமே போதும்.

மினரல் ஆயில் எனப்படும் திரவ பாரஃபினுக்கோ பூஜ்யம்! அது பெட்ரோலியத்தில் இருந்து எடுப்பது. எத்தனை மணி நேரம் கிளறினாலும் சோப்பாகாது.

ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் என்று நம்பி 180 கிராம் சோடா போடுகிறீர்கள். அதில் கால் கிலோ பாரஃபின் என்று வைத்துக் கொள்ளுங்கள். மீதி முக்கால் கிலோ எண்ணெய் 135 கிராம் சோடாவைத்தான் தின்னும். மிச்சம் 45 கிராம்? அதுதான் உடம்பைக் கடிக்கும்!

பாதுகாப்புக்கு 5 சதவீதம் சோடா குறைத்துப் போடுவது வழக்கம். அந்த 9 கிராம் இந்த ஓட்டையை அடைக்காது.

பிரிட்ஜ் காட்டிக் கொடுக்கும்

கண்ணாடி டம்ளரில் தேங்காய் எண்ணெயை ஊற்றி அரை மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. நல்ல எண்ணெய் வெள்ளையாக உறைந்து விடும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் உறையாமல் தனியாக நிற்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லித் தரும் சோதனை இது.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். பனங்கொட்டைப் பருப்பு எண்ணெயும் இதே மாதிரி உறையும். அதனால் உறைந்து விட்டதே என்று உடனே அடுப்பைப் பற்ற வைக்க வேண்டாம். மூக்குக்கும் வேலை கொடுங்கள்.

மோந்து பாருங்க

நாலு சொட்டு உள்ளங்கையில் விட்டு, சூடு பறக்கத் தேய்த்து மோந்து பார்க்க வேண்டும். செக்கு எண்ணெயில் தேங்காய் மணம் வரும். சிக்கு வாடை அடித்தால் எண்ணெய் காறி விட்டது என்று அர்த்தம். அதில் செய்த சோப்பில் நாள் போகப் போக ஆரஞ்சு நிறப் புள்ளிகள் கிளம்பும். ரீபைண்டு எண்ணெயில் மணம் இருக்காது. அது மட்டம் என்று அர்த்தமில்லை.

ஒரு கரண்டி எண்ணெயைச் சூடாக்குங்கள். சடசடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. தண்ணீருக்கும் சேர்த்துத்தான் எடை போட்டு வாங்கியிருக்கிறீர்கள்!

கொக்கோ வெண்ணெய் வாங்குபவர்கள் உடைத்துப் பார்க்கலாம். நல்ல சரக்கு கெட்டியாக இருக்கும், மடக்கென்று முறியும், விரல் சூட்டில் உருகும், சாக்லேட் மணம் வீசும். பிசுபிசுவென்று குழைந்தால் யோசிக்க வேண்டியதுதான். அக்னி நட்சத்திர வெயிலில் நல்ல சரக்கும் இளகும். ஆகவே நிழலில் ஆற விட்டுச் சோதியுங்கள்.

பாட்டிலைத் திருப்புங்க

மளிகைக் கடையில் தேங்காய் படம் போட்டதெல்லாம் தேங்காய் எண்ணெய் அல்ல. தலைக்குத் தடவும் எண்ணெய் சிலவற்றில் மினரல் ஆயில் சேர்ந்திருக்கும். பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘மினரல் ஆயில்’, ‘லிக்விட் பாரஃபின்’ என்று போட்டிருந்தால் சோப்புக்கு ஆகாது. விளக்கேற்றும் தீப எண்ணெயும் வேண்டாம். பல எண்ணெய் கலந்த சரக்குக்கு எந்தக் கணக்கில் சோடா போடுவது?

சமையல் எண்ணெய் என்றால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கியதை இரும்பு, செம்புப் பாத்திரத்தில் ஊற்றி வைக்காதீர்கள், சீக்கிரம் காறும். வெயில் படாத இடத்தில் மூடி வையுங்கள்.

மஞ்சள் சோதனை பலிக்காது

“சோப்பு செஞ்ச பிறகு மஞ்சள் தடவிப் பார்த்துக்கலாமே” என்பார்கள் சிலர். நல்ல சோப்பில் தடவினாலும் மஞ்சள் சிவக்கத்தான் செய்யும்! சோப்பின் குணமே காரம்தான். மஞ்சளை வைத்து நல்லது கெட்டது பிரிக்க முடியாது.

வாரக்கணக்கில் காய வைத்தால் சரியாகி விடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 45 கிராம் சோடா அவ்வளவு லேசில் ஓடி விடாது.

ஆகவே சோதனையெல்லாம் சோடாவைக் கரைப்பதற்கு முன்னாலேயே முடிந்து விட வேண்டும். புது எண்ணெய் என்றால் முதலில் 100 கிராமில் மட்டும் செய்து பாருங்கள். சந்தேகம் வந்தால் காசு போனாலும் பரவாயில்லை என்று ஒதுக்கி விடுங்கள். எண்ணெய் போனால் இன்னொரு பாட்டில் வாங்கலாம். குழந்தையின் தோல் கடையில் கிடைக்காது!