வாடகை வீட்டுக்கு எந்த ஹீட்டர் தாங்கும்?

மார்கழி நெருங்கும்போது விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கத்துக் காம்பவுண்டு வீடுகளில் வெந்நீர்ப் பேச்சு தொடங்கிவிடுகிறது. ஹீட்டர் போட்டுத் தரச் சொல்லிக் குடியிருப்பவர் கேட்கிறார். போட்டது இரண்டு வருடம்கூட வரவில்லை என்கிறார் வீட்டுக்காரர். இருவருக்கும் அடிக்கடி எழும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

விலை கூடிய ஹீட்டர் வாங்கினால் நீண்ட நாள் உழைக்குமா?

விலையைவிடத் தண்ணீர்தான் ஆயுளைத் தீர்மானிக்கிறது. தாமிரபரணிக் கூட்டுக் குடிநீரோ வெம்பக்கோட்டை அணைத் தண்ணீரோ குடிக்கவும் சமைக்கவும் சரியாகப் போய்விடுகிறது. குளிக்க, துவைக்கப் பல வீடுகளில் போர்த் தண்ணீர்தான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. கடினமான தண்ணீரைச் சூடாக்கும்போது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து, கம்பிச்சுருளின் மேல் பொருக்காக ஒட்டிக்கொள்கிறது. உள்ளே பிறக்கும் சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் சுருளையே சுட்டு வெடிக்க வைக்கிறது.

ஆகவே முதலில் போர்த் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஹீட்டர் விலையோடு ஒப்பிட்டால் அது சிறிய செலவு. கடைக்காரர் தரும் உத்தரவாத அட்டையில் தண்ணீரின் கடினத்தன்மை பற்றி ஏதாவது நிபந்தனை இருக்கிறதா என்றும் படித்துப் பாருங்கள்.

எந்த வகைத் தொட்டி?

குளோரைடு மிகுந்த தண்ணீர் துருப்பிடிக்காத எஃகையும் விடுவதில்லை. பற்றவைத்த இடங்களில் பொத்தல் போடும். நம் தண்ணீருக்கு உள்பக்கம் கண்ணாடிப் பூச்சு உள்ள தொட்டியே என் தேர்வு. அதற்குள் மக்னீசியத் தண்டு ஒன்று இருக்கும். தொட்டியைத் தாக்க வரும் அரிப்பைத் தன் மேல் வாங்கிக்கொண்டு அது கரைந்துபோகும். வருடம் ஒருமுறை கழற்றிப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். வாடகை வீடுகளில் யாரும் பார்க்காமல் விடுவது இந்தத் தண்டைத்தான். அது தீர்ந்தபின் அடுத்த முறை தொட்டிக்கு. தண்டையும் சுருளையும் போல்ட் கழற்றி வெளியே எடுக்கக்கூடிய மாடலா என்று வாங்கும்போதே கேளுங்கள். சூட்டை 50, 55 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். சூடு ஏற ஏறப் பொருக்கும் ஏறும்.

எத்தனை லிட்டர் வேண்டும்?

வாளியில் மொண்டு குளிக்கும் வீட்டுக்கு 15 லிட்டர் போதும். 55 டிகிரி வெந்நீர் 10 லிட்டரோடு பச்சைத் தண்ணீர் 10 லிட்டர் கலந்தால் ஒருவர் குளிக்க ஒரு வாளி ஆகிவிடும். 20 லிட்டர் தண்ணீரை 15 டிகிரி கூடச் சூடாக்க ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு யூனிட் மின்சாரம் செலவாகும். 2,000 வாட் ஹீட்டருக்குப் பத்து நிமிட வேலை. திறந்தவுடன் வெந்நீர் தரும் 3 லிட்டர் ஹீட்டர் விலை குறைவுதான். ஆனால் 3,000 வாட் என்றால் 13 ஆம்பியர் இழுக்கும்; பழைய வீட்டு வயரிங் அதைத் தாங்காது. சின்னத் தொட்டி பொருக்கிலும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

ஐந்து நட்சத்திரம் அவசியமா?

சூடான தண்ணீரை நாள் முழுக்க வைத்திருந்தால் எவ்வளவு சூடு வீணாகிறது என்பதற்குத்தான் அந்த நட்சத்திரம். காலையில் போட்டுக் குளித்து முடித்ததும் நிறுத்துகிற குடும்பத்துக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. அந்தப் பணத்தை எர்த்துக்குச் செலவிடுங்கள்.

எர்த் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று ஓட்டை பிளக் இருந்தால் எர்த் இருக்கிறது என்று நம்பாதீர்கள். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லாத வீடுகள் உண்டு. கரிசல் மண் கோடையில் வெடித்துக் காயும்போது எர்த் குழியும் காய்ந்து, கரண்டு மண்ணுக்குள் இறங்க மறுக்கும். குழியில் தண்ணீர் ஊற்றுவது இந்த மாவட்டத்தில் சடங்கு அல்ல, உயிர்க்காப்பு. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கூடவே, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டிவிடும் ஆர்சிசிபி ஒன்று பொருத்துங்கள். ஈரக் கையோடு ஒருவர் நிற்கும் அறைக்கு இதைவிட அவசியமான பொருள் வேறில்லை. ஹீட்டர் இல்லாத வீட்டில் குடியிருப்பவர் வாளியில் வாட்டர் ஹீட்டர் ராடு போட்டுக்கொள்வார். அந்த வீட்டுக்கும் ஆர்சிசிபி தேவை.

விறகு அடுப்பில் வெந்நீர் போடலாமா?

பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் வீட்டில் நான் கேட்கும் முதல் கேள்வி, வேலைத் துணி எங்கே கிடக்கிறது என்பதுதான். அலுமினியப் பொடியும் மருந்துத் தூசியும் படிந்த சட்டையோடு அடுப்பை ஊதவோ, அதை அடுப்புப் பக்கம் தொங்கவிடவோ கூடாது. துணியை வீட்டுக்கு வெளியே, நெருப்புக்கு எட்டாத இடத்தில் மாற்றித் தண்ணீரில் நனைத்துவிட்டுப் பிறகு குளிக்க வாருங்கள். இந்த வீடுகளுக்கு மின் ஹீட்டர் சொகுசுப் பொருள் அல்ல. வீட்டுக்காரர்கள் அதை மனதில் வைத்துச் செலவைப் பார்க்க வேண்டும்.

கேஸ் ஹீட்டர்?

மூடிய குளியலறைக்குள் வேண்டவே வேண்டாம். எரிந்த வாயு வெளியேற வழியில்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை இல்லை. குளிப்பவர் மயங்கி விழுந்த பிறகே தெரியவரும்.

மொட்டை மாடியில் பொதுவாக ஒரு சோலார் போட்டால்?

வெயிலுக்குக் குறைவில்லை, தண்ணீருக்குத்தான் குறை. அரை அங்குலக் குழாயில் 10 மீட்டருக்கு ஏறக்குறைய 2 லிட்டர் ஆறிப்போன தண்ணீர் நிற்கும். அதைக் கொட்டிவிட்டுத்தான் வெந்நீர் பிடிக்க முடியும். மாடி வீட்டுக்குச் சரி, நீளமான லைன் வீட்டுக்கு யோசிக்க வேண்டும். கனடா போன்ற குளிர்நாடுகளில் சுவரோரம் ஓடும் வெந்நீர்க் குழாய்தான் பல வீடுகளில் அறையையே சூடாக்குகிறது. ஒரே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றுவதால் அங்கே புதிதாகச் சுண்ணாம்பு சேர்வதில்லை. அதே முறையில், சேகரிப்பான் தண்ணீரும் குளிக்கும் தண்ணீரும் கலக்காத சோலார் ஹீட்டர்கள் உண்டு. கடினத் தண்ணீருக்கு அதைக் கேட்டு வாங்குங்கள்.

பழுதானால் யார் செலவு?

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழகத்தின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, வயரிங்கை வீட்டுக்காரர் பொறுப்பிலும் கெய்சர் பழுதைக் குடியிருப்பவர் பொறுப்பிலும் வைக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ள இருவருக்கும் உரிமை உண்டு. வீட்டுக்காரரின் போர்த் தண்ணீர் தின்ற சுருளுக்குக் குடியிருப்பவர் பணம் கட்டுவது நியாயம் இல்லை என்பதே என் கருத்து. வருடாந்தரச் சுத்தமும் மக்னீசியத் தண்டும் வீட்டுக்காரருக்கு, சுவிட்சும் கைப்பிடியும் குடியிருப்பவருக்கு என்று முன்பணம் கைமாறும் முன்பே எழுத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் வாங்கிய தேதியையும் அதிலேயே குறித்து வையுங்கள்.