செவ்வாயில் இறங்கிய எந்திரமும் செய்தி கேட்ட மனிதரும்



1976-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள், அமெரிக்காவின் வைக்கிங்-1 என்னும் ஆளில்லா விண்கலம் செவ்வாய்க் கோளின் தரையில் பத்திரமாக இறங்கியது. அது அனுப்பிய முதல் வண்ணப் படம் வெளியானபோது, செவ்வாயின் வானம் நம்முடைய வானத்தைப் போன்றே நீலமாகத் தோன்றியது. பார்த்தவர்கள் அகமகிழ்ந்தனர். பிறகு விஞ்ஞானிகள் நிறங்களைச் சரிபார்த்தனர். முதற்படம் பிழையானது என்றும், அங்குள்ள வானம் வெளிறிய இளஞ்சிவப்பு நிறமுடையது என்றும் அறிவித்தனர். அங்கே குழுமியிருந்த செய்தியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வேடிக்கையாகக் கூச்சலிட்டுத் தங்கள் ஏமாற்றத்தைக் காட்டினார்கள்! வானியல் அறிஞர் கார்ல் சேகன் இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார்.

சிந்தித்துப் பாருங்கள். பல கோடி மைல்களுக்கு அப்பாலுள்ள வானமும் நம் வீட்டு வானத்தைப் போலவே இருக்க வேண்டும் என்று மனித மனம் ஆசைப்படுகிறது. உண்மை வேறாக இருந்தால் முகம் சுளிக்கிறது. எந்திரங்கள் செவ்வாயைப் பற்றி நமக்கு அறிவித்தவை ஏராளம். ஆனால் அச்செய்திகளைக் கேட்ட மனிதர்கள் நடந்துகொண்ட விதமோ மனிதர்களைப் பற்றியே நமக்கு அறிவிக்கிறது. அதைச் சற்றுப் பார்ப்போம்.

விரும்பியதைக் காணும் கண்

1877-இல் இத்தாலிய வானியலாளர் ஷியாபரெல்லி, தொலைநோக்கி வழியே செவ்வாயில் கோடுகள் போன்ற தோற்றங்களைக் கண்டதாக எழுதினார். அவர் தம் மொழியில் எழுதிய சொல், பிறமொழிக்குச் சென்றபோது வெட்டப்பட்ட கால்வாய் என்று பொருள்பட்டது. அமெரிக்கரான பெர்சிவல் லோவல், அவை அறிவுள்ள உயிரினங்கள் வெட்டிய பாசனக் கால்வாய்களே என்று நூல்கள் எழுதினார். 1965-இல் மாரினர்-4 என்னும் விண்கலம் அருகே பறந்து படமெடுத்தபோது கால்வாய்கள் எதுவும் தென்படவில்லை. குழிகள் நிறைந்த வறண்ட நிலமே தெரிந்தது.

அத்தோடு மனிதன் பாடம் கற்றானா? இல்லை. 1976-இல் வைக்கிங் சுற்றுக்கலம் எடுத்த படமொன்றில் ஒரு குன்று மனித முகம் போலத் தோன்றியது. அது ஒளியும் நிழலும் செய்யும் மாயம் என்று நாசா நிறுவனம் அப்போதே விளக்கியது. ஆயினும் அம்முகத்தை வைத்துப் புத்தகங்கள் எழுதப்பட்டன. அரசாங்கம் இரகசியத்தை மறைக்கிறது என்ற வதந்தி உலகெங்கும் பரவியது. 1998-லும் 2001-லும் மற்றொரு விண்கலம் மிகத் தெளிவான படங்களை எடுத்தது. அங்கே இருந்தது அரிப்புற்ற ஒரு குன்றுதான். முகம் பார்த்தவர்களின் உள்ளத்திலேயே இருந்தது.

"எங்கள் பாட்டன் சொத்து!"

1997 ஜூலை 4-ஆம் நாள் பாத்ஃபைண்டர் என்னும் கலம் செவ்வாயில் இறங்கியது. காற்றுப்பைகள் சூழ, பந்து போல 15 முறைக்குக் குறையாமல் துள்ளிக் குதித்து அது நின்றது. அதனுள்ளிருந்து ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள சிறிய ஆறு சக்கர ஊர்தி ஒன்று வெளியே வந்தது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு, அடிமை முறையை ஒழிக்கப் போராடிய கறுப்பினப் பெண்மணி சோஜர்னர் ட்ரூத்தின் பெயரை அதற்குச் சூட்டியிருந்தனர். அப்பெயரை முன்மொழிந்தவள் 12 வயதுச் சிறுமி. ஏழு நாட்களுக்கென்று செய்யப்பட்ட ஊர்தி, ஏறக்குறைய மூன்று மாதம் உழைத்தது. அதன் படங்களைக் காண, ஒரே மாதத்தில் கணினி வலையமைப்பில் 50 கோடிக்கும் அதிகமான தட்டல்கள் பதிவாயின.

அதே மாதத்தில் யமன் நாட்டில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பு வரும். மூவர் அரசு வழக்குத் துறையை அணுகி நாசா மீது புகார் கொடுத்தனர். செவ்வாய்க் கோள் 3000 ஆண்டுகளுக்கு முன் தம் மூதாதையரிடமிருந்து தமக்கு வாரிசுரிமையாக வந்த சொத்தாம்! தம் அனுமதியின்றி அதில் இறங்கியது அத்துமீறலாம்! அந்நாட்டு வழக்குத் துறைத் தலைவர் அதை ஏற்க மறுத்துக் கண்டித்தார். மூவரும் புகாரைத் திரும்பப் பெற்றனர்.

சிரித்து முடித்தபின் நம்மையும் கேட்டுக்கொள்வோம். அல்லாஹ்வின் படைப்பைக் கண்டதும் வியப்பதற்கு முன் உரிமை கொண்டாடும் குணம் அம்மூவரிடம் மட்டுமா இருக்கிறது? பிறர் ஒன்றைக் கண்டுபிடித்தால் "இது எங்கள் நூலில் முன்பே உள்ளதே" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வோர் நம்மில் இல்லையா? மராகாவிலும் சமர்கந்திலும் வானாய்வுக் கூடம் அமைத்து இரவெல்லாம் கண் விழித்தவர்கள் நம் முன்னோர். அவர்களுடைய பெருமையைப் பேசும் தகுதி, அவர்களைப் போல் விழித்திருப்பவர்க்கே உண்டு.

என் வகுப்பில் நடந்தது

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் அங்கே பாங்கோசையைக் கேட்டார் என்றும், பூமிக்குத் திரும்பி இஸ்லாத்தைத் தழுவினார் என்றும் ஒரு செய்தி நம் சமுதாயத்தில் நெடுங்காலமாக உலவி வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன், செவ்வாயில் இறங்கிய ஊர்தியைப் பற்றி மாணவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, நானும் மத்ரஸா வகுப்பில் அதைப் பெருமையுடன் எடுத்துரைத்தேன்.

ஒரு மாணவன் எழுந்தான். "ஹஜ்ரத், நிலவில் காற்றே இல்லையென்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே. காற்றில்லாத இடத்தில் ஓசை எப்படிக் கேட்கும்?" என்றான்.

நான் அவனை அதட்டி உட்கார வைத்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. கல்லூரியில் நான் பயின்ற பாடம் வரலாறு. எதற்கும் ஆதாரம் கேள் என்பதே அதன் அரிச்சுவடி. அதை மறந்துவிட்டு, ஆதாரம் கேட்ட பிள்ளையையே அடக்கியிருந்தேன். தேடிப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. 1983-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க வெளியுறவுத் துறை, முஸ்லிம் நாடுகளிலுள்ள தன் தூதரகங்களுக்கு இது பற்றி எழுதியிருக்கிறது. எவர் மனத்தையும் புண்படுத்தும் நோக்கம் ஆம்ஸ்ட்ராங்குக்கு இல்லை. ஆனால் அவர் மதம் மாறியதாக வந்த செய்தி உண்மையன்று என்பதே அதன் சாரம்.

மறுநாள் அவ்வகுப்பில், அனைவர் முன்னிலையிலும், "நான் சொன்னது தவறு, இந்தத் தம்பி கேட்டதே சரி" என்றேன். மாணவர்கள் என்னைக் குறைவாக நினைப்பார்களோ என்று அஞ்சினேன். அன்று முதல்தான் அவர்கள் என்னிடம் அச்சமின்றிக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அருமை மைந்தர் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அக்குழந்தையின் மறைவுக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். பெருமானார் அதை அப்படியே விட்டிருக்கலாம். துயரத்தில் இருந்த தந்தை அவர். அப்பேச்சு அவர்களுக்கே பெருமை சேர்ப்பது. ஆயினும் அவர்கள் மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவை மறைவதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். புகழ் சேர்க்கும் பொய்யையும் ஏற்காத நபியின் உம்மத்தாகிய நமக்கு, மார்க்கத்தை உயர்த்தப் பொய் எதற்கு?

எந்திரத்துக்காக வடித்த கண்ணீர்

ஆப்பர்ச்சூனிட்டி என்னும் ஊர்தி 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கியது. 90 நாட்கள் இயங்கினால் போதும் என்று அனுப்பப்பட்ட அது, 14 ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கி 45 கிலோமீட்டர் தூரம் ஊர்ந்தது. 2018 ஜூனில் எழுந்த பெரும் புழுதிப் புயல் சூரிய ஒளியை மறைக்க, மின்னாற்றல் இழந்து மௌனமாயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை கட்டளை அனுப்பியும் பதில் இல்லை. 2019 பிப்ரவரி 13-ஆம் நாள் அதன் பணி முடிந்ததாக அறிவிக்கப்பட்டது.

தன் மின்கலம் தீர்ந்து வருவதாகவும் இருள் சூழ்வதாகவும் அந்த ஊர்தி கடைசியாகச் சொன்னதென்று ஒரு வாசகம் உலகெங்கும் பரவியது. படித்தவர்கள் கண்ணீர் விட்டனர். உண்மையில் ஊர்தி அனுப்பியவை மின்னளவும் புழுதியளவும் காட்டும் எண்களே. அவற்றின் பொருளைச் செய்தியாளர் ஒருவர் உருக்கமாகச் சொன்னார். அவருடைய சொற்கள் ஊர்தியின் சொற்களாகிவிட்டன.

அக்கண்ணீரை நான் இகழமாட்டேன். தனிமையில் உழைத்த ஒன்றை எண்ணி உருகுவது இரக்கமுள்ள நெஞ்சின் அடையாளமே. ஆனால் அந்த இரக்கம் அண்டை வீட்டையும் எட்ட வேண்டாமா? பேச ஆளின்றி மூலையில் கிடக்கும் முதியவர் நம் தெருவிலேயே இருக்கலாம். இரும்புக்காகக் கசிந்த கண், அவர் வாசலைக் கடக்கும்போது வறண்டுவிடக் கூடாது.

பசியும் பயணமும்

"ஏழைகள் பசித்திருக்க, விண்ணுக்குச் செலவா?" இக்கேள்வியும் புதிதன்று. 1970-இல் ஆப்பிரிக்காவின் சாம்பியா நாட்டில் தொண்டாற்றிய மேரி ஜுகுண்டா என்னும் கிறித்தவத் துறவியார், செவ்வாய்ப் பயண ஆய்வில் ஈடுபட்டிருந்த நாசா விஞ்ஞானி எர்ன்ஸ்ட் ஸ்டூலிங்கருக்கு இதைக் கடிதமாக எழுதினார். விஞ்ஞானி சினம் கொள்ளவில்லை. நீண்டதொரு பதில் எழுதினார். ஏழைகளுக்கு வாரி வழங்கிய பிரபு ஒருவர், கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துச் சோதித்து வந்த ஒருவரையும் ஆதரித்தார். ஊரார் அதை வீண் செலவு என்று பழித்தனர். ஆனால் அம்முயற்சியே பின்னாளில் நுண்ணோக்கியாகி நோய்களை வெல்ல உதவியது என்று ஒரு கதையை அதில் எடுத்துரைத்தார்.

கேள்வியும் நியாயமானது, பதிலும் நியாயமானது. 2012-இல் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்திக்கு ஏறத்தாழ 250 கோடி டாலர் செலவாயிற்று. 2014-இல் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய நம் நாட்டின் மங்கள்யானுக்கு ஏறத்தாழ 450 கோடி ரூபாய். இவற்றைக் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் கேட்பதற்கு முன், நம் பெட்டியிலுள்ள நகைக்கு நூற்றுக்கு இரண்டரை வீதம் ஜகாத் கணக்குப் பார்த்தோமா? நம் இல்லத் திருமணத்தில் மீந்து கொட்டப்பட்ட பிரியாணிக்கு விளக்கம் சொல்ல முடியுமா? ஏழையை நினைவூட்டும் நா, ஏழைக்குக் கொடுத்த கையோடு சேர்ந்திருக்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு

தாய்மார்களே! 2021 பிப்ரவரி 9-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் விண்கலம் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. அதன் பெயர் 'அல்-அமல்', அதாவது நம்பிக்கை. அப்போது அந்நாட்டு விண்வெளி முகமையின் தலைவராக இருந்தவர் சாரா அல்-அமீரி என்னும் முஸ்லிம் பெண்மணி. ஒன்பது நாட்களில், இந்திய நேரப்படி நள்ளிரவு கடந்து தஹஜ்ஜுத் வேளையில், பெர்சிவரன்ஸ் ஊர்தி தரையிறங்கியது. அச்செய்தியை உலகுக்கு அறிவித்த குரல் பெங்களூரில் பிறந்த சுவாதி மோகனுடையது. அவ்வூர்தி சுமந்து சென்ற சிறு ஹெலிகாப்டர் அதே ஆண்டு ரமளானில் பறந்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைமைப் பொறியாளர் பாலராம், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர். உங்கள் மகளோ மகனோ வானத்தைக் காட்டிக் கேள்வி கேட்டால் அடக்காதீர்கள். நான் ஒருமுறை அடக்கிய குற்றம் போதும்.

பெர்சிவரன்ஸ் ஊர்தியில், உலக மக்கள் அனுப்பிய 1 கோடியே 9 இலட்சம் பெயர்கள் நுண்ணிய சில்லுகளில் பொறிக்கப்பட்டுச் சென்றன. தம் பெயர் ஓரிடத்தில் நிலைத்திருக்க வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்கு இயல்பு. நம் சொல்லும் செயலும் எழுதப்படும் ஏடு வேறொன்று உண்டு. அதில் பரப்பிய வதந்தியும் பதிவாகும், ஒப்புக்கொண்ட தவறும் பதிவாகும்.

வானங்களின் படைப்பைச் சிந்திக்கும் நெஞ்சையும், உண்மையைத் தாங்கும் துணிவையும், பசித்தவரை மறவாத கரத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்கி அருள்வானாக! ஆமீன்.