ஒரே நாள்ல சென்னையா? வேண்டாமே!

“வண்டலூர், கோளரங்கம், மெரினா... எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சுடலாம்!” லீவு விட்டதுமே பல வீடுகளில் போடும் திட்டம் இது. விளைவு? ராத்திரி பாட்டிக்கு முழங்கால் வலி, வாண்டுக்கு வாந்தி, உங்களுக்குத் தலைவலி! ஒரு நாளைக்கு ஓர் இடம், மிஞ்சிப் போனால் இரண்டு. அதுதான் சரி.

வண்டலூர் உயிரியல் பூங்கா

1855-ல் சென்னை நகருக்குள் தொடங்கிய மிருகக்காட்சி சாலை, 1985-ல் வண்டலூரில் விசாலமான இடத்துக்கு மாறியது. சுமார் 600 ஹெக்டேர்! முழுக்க நடந்தே பார்க்கணும்னு பிடிவாதம் வேண்டாம். பெரியவர்கள் பேட்டரி வண்டியில் சுற்றட்டும். காலையில் திறந்தவுடனே போய்விடுங்கள். வெயில் ஏறினால் மிருகங்களும் நிழலைத் தேடிப் படுத்துவிடும். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

குழந்தை தாகம்னு கேட்கும்வரை காத்திருக்காமல் அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால், குடித்த தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

பிர்லா கோளரங்கம்

உச்சி வெயில் நேரத்துக்கு ஏற்ற இடம், கோட்டூர்புரத்தில் 1988-ல் திறக்கப்பட்ட இந்தக் கோளரங்கம். சாய்ந்து உட்கார்ந்தபடியே நட்சத்திரங்களைப் பார்க்கலாம். கால்களுக்கும் ஓய்வு. ‘உள்ளே இருட்டா இருக்கும்’ என்று சின்னக் குழந்தைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள், பயப்படாது.

மெரினா

வெயில் தாழ்ந்ததும் கிளம்புங்கள். காற்று வாங்கலாம், பட்டம் விடலாம், மணல்வீடு கட்டலாம். ஆனால், குளிக்க மட்டும் இறங்காதீர்கள். அங்கே குளிக்கத் தடை இருப்பது சும்மா இல்லை. கரையை ஒட்டியே சட்டென்று ஆழமாகும். திரும்பும் அலை ஆளை உள்ளே இழுக்கும். நன்றாக நீச்சல் தெரிந்தவர்களையும் இந்தக் கடல் விட்டதில்லை. ‘கணுக்கால் வரைக்கும்தானே’ என்றாலும் குழந்தையின் கை உங்கள் கையிலேயே இருக்கட்டும். யாராவது அலையில் சிக்கினால் பின்னாலேயே குதிக்காதீர்கள். மிதக்கும் பொருள் எதையாவது வீசிவிட்டு, காவலர்களையும் மீனவர்களையும் கூப்பிடுங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள்.

கண் முன்னால் எண்ணெயிலிருந்து எடுத்த சுடச்சுட பஜ்ஜி, ஆவி பறக்கும் சுண்டல் ஓகே. திறந்து வைத்த சட்னி, நறுக்கி வைத்த மாங்காய் வேண்டாம்.

கூட்டத்தில் தொலைந்தால்? உங்கள் செல் நம்பரைச் சீட்டில் எழுதிக் குழந்தையின் பாக்கெட்டில் வைத்துவிடுங்கள்.

‘ரெண்டு இடம் விட்டுப் போச்சே’ன்னு வருத்தமா? இருக்கட்டும். அடுத்த லீவு வராமலா போகும்? போன அத்தனை பேரும் சிரிச்ச முகத்தோட வீடு திரும்பணும். அதுதானே டூர்!