ஏழு வாரம் பணியாத கொசெல்ஸ்க்

1237 டிசம்பரில் ரியாசான் நகரம் ஆறே நாளில் விழுந்தது. அடுத்த பிப்ரவரியில் விளதீமிர் நகரமும் சில நாட்களில் விழுந்தது. செங்கிஸ்கானின் பேரன் பாத்து கான் நடத்திய மங்கோலியப் படைக்கு முன்னால் ரஷ்யக் கோட்டைகள் இப்படி ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருந்தபோது, ஒரு சிற்றூர் மட்டும் ஏழு வாரம் தாக்குப்பிடித்தது. அதுதான் கொசெல்ஸ்க்.

மாஸ்கோவுக்குத் தென்மேற்கே சுமார் 250 கிலோமீட்டரில், ஷிஸ்த்ரா ஆற்றங்கரை மேட்டில் இருக்கிறது இந்த ஊர். இன்றும் இங்கே இருபதாயிரம் பேர்கூட இல்லை. 1238 வசந்த காலத்தில், வடக்கே நோவ்கரத் வரை போகாமலே திரும்பிய மங்கோலியர்கள் தெற்கு நோக்கி வரும் வழியில் இதைச் சூழ்ந்தார்கள். பனி உருகி ஆறுகள் பெருகும் பருவம் அது. மேட்டின் மேல் மண்கரையும் மரச்சுவரும் ஊரைக் காத்தன.

ஊரின் இளவரசன் வசீலிக்குப் பன்னிரண்டு வயது என்கிறார்கள். அவன் சிறுவனாயிற்றே, சரணடைந்துவிடலாமே என்று ஊரார் எண்ணவில்லை. அவனுக்காக உயிரைக் கொடுப்பது என்று கூடி முடிவெடுத்தார்கள். சுவர் இடிந்து எதிரிகள் கரைமேல் ஏறியபோது கத்தியோடு மல்லுக்கு நின்றார்கள் என்கிறது பழைய ரஷ்ய வரலாற்றேடு. பிறகு வெளியே பாய்ந்து, கல்லெறி பொறிகளை வெட்டிச் சாய்த்தார்கள். நாலாயிரம் எதிரிகளைக் கொன்று தாங்களும் மாண்டார்கள் என்று அந்த ஏடு கணக்குச் சொல்கிறது. பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீதுத்தீனும் இதற்கு வேறொரு பக்கத்திலிருந்து சாட்சி சொல்கிறார்: இரண்டு மாதம் முயன்றும் பாத்துவால் முடியவில்லை; மங்கோலியத் தலைவர்கள் கதான், புரி இருவரும் படையோடு வந்து சேர்ந்த பிறகே மூன்று நாளில் ஊர் வீழ்ந்தது.

உள்ளே புகுந்தவர்கள் பச்சிளங் குழந்தைகளையும் விடவில்லை. வசீலி என்ன ஆனான் என்று யாருக்கும் தெரியவில்லை. இரத்தத்தில் மூழ்கிப்போனான் என்று ஒரு பேச்சு மட்டும் நின்றது. மங்கோலியர்கள் அதன் பிறகு அந்தப் பெயரையே சொல்லத் துணியாமல் ‘தீய ஊர்’ என்றே குறிப்பிட்டார்களாம்.

ஊருக்கு அருகே ஒப்தினா மடம் இருக்கிறது. மகனைப் பறிகொடுத்த துயரோடு 1878இல் தஸ்தயெவ்ஸ்கி ஆறுதல் தேடி வந்தது இங்கேதான். ‘கரமாசவ் சகோதரர்கள்’ நாவலின் முதிய துறவி ஸொசீமாவுக்கு இங்கிருந்த துறவி அம்புரோசி ஒரு முன்மாதிரி.

அதே மடத்தின் சுவர்களுக்குள் 1939இல் சோவியத் அரசு போர்க்கைதி முகாம் அமைத்தது. போலந்துப் படை அதிகாரிகள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் மருத்துவர்கள், ஆசிரியர்கள், பொறியாளர்கள். போர் மூண்டதால் சீருடை அணிந்தவர்கள். 1940 ஏப்ரலிலும் மே மாதத்திலும் ரயிலில் ஏற்றிக்கொண்டு போய், ஸ்மலேன்ஸ்க் அருகே கத்தின் காட்டில் சுட்டுப் புதைத்தார்கள். அரை நூற்றாண்டு மறுத்துவிட்டு, 1990இல்தான் மாஸ்கோ குற்றத்தை ஒப்புக்கொண்டது.

1941 அக்டோபரில் ஜெர்மானியர்கள் ஊரைப் பிடித்தார்கள். டிசம்பர் கடைசியில் செஞ்சேனை மீட்டது. பனிப்போர்க் காலத்தில் சுற்றியுள்ள நிலத்துக்கடியில் அணு ஏவுகணைகள் நிறுத்தப்பட்டன. அந்தப் படைப்பிரிவு இன்றும் அங்கே இருக்கிறது.

2009இல் ரஷ்ய அரசு கொசெல்ஸ்குக்கு ‘படைப்புகழ் நகரம்’ என்ற பட்டம் தந்தது. 1238இல் மாண்டவர்களுக்கு அந்தப் பெருமை முழுக்கத் தகும். மடத்துச் சுவருக்குள்ளிருந்து 1940இல் கொண்டுபோகப்பட்டவர்களும் இதே ஊரின் வரலாற்றைச் சேர்ந்தவர்கள்தான். கொசெல்ஸ்கின் கதையைச் சொல்பவர்கள் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.